பூமணி சுமந்த பெட்டி

சிலாவத்துறை,
ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை.

அன்பு மகன் ஷிஹாப் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அன்பு என்று எழுதுவதற்குள் பேனை ஒருமுறை நின்றுவிட்டது, ஆனாலும் பெற்றவள் வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் உன் தங்கை றிஸ்மினாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். மெல்பேணில் நீயும் மருமகள் றுமைஸாவும் பேரன் பஸ்லானும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். சுகம் விசாரித்து முடிந்தது. இனி எழுதப்போகிற எதுவும் உனக்கு இனிக்காது.

தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் ஒரு வசனம் முடிக்கும் முன்னே நீ மூன்று வசனம் சொல்லிவிடுகிறாய், பிறகு சத்தம் தெளிவில்லை என்கிறாய், போன வெள்ளிக்கிழமை “இஞ்சத்தைச் சனத்துக்கு முன்னால என்னைத் தலைகுனிய வைச்சிட்டீங்கள் உம்மா” என்று கத்திவிட்டு நீயே வைத்துவிட்டாய். கடிதத்தை நீ இடையில் வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், அது உன் விருப்பம், வாசித்துவிட்டுக் கிழி.

வீட்டுப் புதினம் என்றால், தென்மேற்குச் சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை, கடலுக்குப் போகிற வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பி வருகின்றன, நேற்று கருவாட்டைத்தான் ஆக்கினேன். குசினிக் கூரையில் இரண்டு தகரம் கழன்றுவிட்டது. றிஸ்மினா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, பகல் முழுக்க வீட்டில் இருக்கிறாள். வாப்பாவுக்கு மூட்டு வலி, நெல்லுக் கடைக்குப் பிந்திப் போய் முந்தி வருகிறார். கடையிலும் வேலை குறைவுதான். சிறுபோக வெட்டு முடிந்து ஊரெல்லாம் நெல் வந்திருக்கிறது, ஆனால் பாப்பாமோட்டை பூமணி அக்காவின் வயலில் இருந்து இந்த முறை ஒரு மூட்டை எங்களுக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வந்து கடை திறந்த காலத்தில் இருந்து அவர் வேறு எவருக்கும் நெல் கொடுத்தவர் அல்ல. இந்த முறை உயிலங்குளத்து வியாபாரியின் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனதாம். வாப்பா அதைக் கேட்டுவிட்டுத் தராசைத் துடைத்துக்கொண்டு இருந்தார். அவரை அப்படி உட்கார வைத்தது நீ.

எது எப்படி நடந்தது என்பதை முதலில் இருந்து எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு நடந்ததை மாற்றிச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. போன வருடம் நீ இங்கே வந்து நின்றபோது வாப்பாவோடு லொறியில் நெல் ஏற்றப் போனாய். பூமணி அக்கா உங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்திச் சோறு போட்டார். அங்கே அலுமாரிக்கு மேல் துணி மூடி வைத்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை நீதான் கண்டாய். பழைய மடிப்புக் கமரா. முன் கதவைக் கீழே திறந்து இழுத்தால் தோல் துருத்தி விரிந்து வரும், பின்னால் மங்கல் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும், பிலிம் சுருளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டைத் தகரச் சட்டத்தில் வைத்துச் செருக வேண்டும். இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடையில் ஜெர்மனியில் செய்தது என்று அன்று வீட்டுக்கு வந்து எங்களுக்கு நீ வகுப்பெடுத்தாய். எனக்கு அந்தப் பெட்டியை உனக்கு முன்னமே தெரியும். பூமணி அக்காவின் மாமனார் நவரத்தினம் அதை ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கியவர், அவருக்குப் பிறகு மகன் சரவணமுத்து வைத்திருந்தார். வயல் வேலை இல்லாத மாதங்களில் சரவணமுத்து அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார். எங்கள் பள்ளிவாசல் மதிலில் வெள்ளைத் துணி கட்டி, பெண்களை எடுக்கும்போது ஆண்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டு, மரியாதையாக எடுத்துவிட்டுப் போனவர். என்னுடைய முதல் அடையாள அட்டையில் இருந்தது அவர் எடுத்த படம்.

அன்று சோற்றுக்குப் பிறகு பூமணி அக்கா உனக்குச் சொன்னதை வாப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்டவர். கடைசி யுத்தத்தில் பாப்பாமோட்டையை விட்டு அவர்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்து, ஒவ்வொரு ஊராகத் தள்ளப்பட்டுப் போனபோது சரவணமுத்து அண்ணன் அந்தப் பெட்டியை விடவில்லை. ஒரு நாள் வழியில் ஷெல் விழுந்தது. அவரை விழுந்த இடத்திலேயே அடக்கம் செய்துவிட்டு, பூமணி அக்கா சட்டி பானையையும் உடுப்பு மூட்டையையும் விட்டுவிட்டு அந்தப் பெட்டியைச் சேலைத்துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மகள் சுவேதினியோடு நடந்தார். முகாமில் இருந்தபோது துருத்தியின் மூலையில் கிழிந்த இடத்துக்குக் கறுப்புக் குடைத்துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்தார். இதையெல்லாம் கேட்டு நீ அழுதாய். அழுதுவிட்டு, மெல்பேணில் இதைத் திருத்தக்கூடிய ஒருவர் இருக்கிறார், திருத்தி இதிலேயே படம் எடுத்து, வருடம் முடிவதற்குள் கொண்டுவந்து தருகிறேன் என்று கேட்டாய். பூமணி அக்கா மகளைக்கூடக் கேட்காமல் தூக்கித் தந்தார். எங்கள் பிள்ளை என்றுதான் தந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை சுவேதினி பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. தேத்தண்ணி வைக்கவா என்றேன், வேண்டாம் என்றாள். முற்றத்தில் நின்றபடியே சொன்னாள்: “உங்கட மகன் எங்கட அம்மா சுமந்ததை உங்கட மாமனாருக்குக் குடுத்திட்டார். எங்கட அப்பா அந்தக் கதையில எங்க போனவர் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே கோபம் வந்தது. “என்ர பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை, ஆரோ சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டு என்ர வாசலில வந்து நிண்டு கதைக்காதே” என்று கை நீட்டிச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நானும் அம்மாவுக்குப் பக்கத்தில நடந்தனான். எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை” என்று சொல்லிப் படலையைச் சாத்திவிட்டுப் போனாள். உனக்காக நான் ஒரு நேர்மையான பெண்ணை வாசலில் இருந்து விரட்டினேன், ஷிஹாப். அதை நினைத்துப் பார்.

றிஸ்மினா அன்று பின்னேரம் நீ மெல்பேணில் வைத்த கண்காட்சியின் வீடியோவைத் தேடிப் பிடித்தாள். பெரிய மண்டபம், சுவர் முழுக்கப் படங்கள், நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கமரா. நீ நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு இங்கிலீசில் பேசுகிறாய், றிஸ்மினா ஒவ்வொரு வசனமாக நிறுத்தி எனக்குச் சொன்னாள். இது என் பாட்டனார் காமிலுடையது என்றாய். தொண்ணூறாம் ஆண்டு எங்களை ஊரைவிட்டு விரட்டியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் தோளில் சுமந்து நடந்தார் என்றாய். அதோடு நின்றாயா? துருத்தியில் இருந்த ஒட்டைக் காட்டி, இது அகதி முகாமில் என் பாட்டி தைத்தது என்றாய். அந்த இடத்தில் றிஸ்மினா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். நான் மறுபடி நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். மண்டபத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நீயும் துடைத்தாய்.

அன்றே உனக்கு எடுத்துக் கேட்டேன். நீ சிரித்தாய். “உம்மா, இஞ்சத்தைச் சனத்துக்கு ஒரு பொருளைக் காட்டினாத்தான் மனசில பதியும். எங்களுக்கு நடந்தது உண்மைதானே. பெட்டி ஆருடைய எண்டதில என்ன இருக்கு” என்றாய். உங்களுக்கு விளங்காது என்றும் சொன்னாய்.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் முஸ்லிம்களான எங்களை வெளியேறச் சொன்னபோது உனக்கு இரண்டு வயது. வழியில் மறித்துப் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். என் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி வாங்கினார்கள். அரிக்கன் லாம்பைக்கூட வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட வழியால் ஒரு மனிதர் ஜெர்மன் கமராவைத் தோளில் கொழுவிக்கொண்டு போனார் என்று சொன்னால், அந்த வழியால் நடந்த எவரும் சிரிப்பார்கள். நடக்காதவர்கள் சிரித்துவிட்டு மிச்சத்தையும் நம்பமாட்டார்கள். நாங்கள் திரும்பி வந்து காணி கேட்டு நின்றபோது, நீங்கள் உண்மையில் இங்கே இருந்தவர்கள்தானா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நீ உன் பொய்யைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். உன் மூத்தவாப்பா காமில் வலையையும் வள்ளத்தையும் தவிர வேறு ஒன்றையும் தொட்டவர் அல்ல, படத்துக்கு நிற்கவே வெட்கப்பட்டவர். அன்று அவர் தோளில் இருந்தது நீ. காய்ச்சலோடு, தலையில் ஈரத்துணி போட்டபடி, முள்ளிக்குளம் தாண்டிக் காட்டு வழி முழுக்க அவர் உன்னை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. இதை நான் உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். உன்னைச் சுமந்ததை மேடையில் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. வேறொரு பெண் புருசனைப் புதைத்துவிட்டுச் சுமந்ததைத் திருடிக்கொண்டு போய் அவர் தோளில் ஏற்றியிருக்கிறாய். கமராவைத் திருப்பித் தராமல் வைத்திருந்தாலாவது பொருளுக்கு ஆசைப்பட்டான் என்று நினைத்திருப்பேன்.

அடுத்த நாள் நானும் வாப்பாவும் பாப்பாமோட்டைக்குப் போனோம். வாப்பாவுக்குப் போக விருப்பமில்லை. “பிள்ளையின்ற பேர் கெட்டுப்போகும், கொஞ்ச நாளில அடங்கிவிடும், விடு” என்று ஓட்டோவில் ஏறும்வரை சொன்னார். பூமணி அக்கா முற்றத்தில் நின்று கோழிகளை அடைத்துக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் வேலையை நிறுத்தவில்லை, அடைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் வந்தார். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. நான் மகன் செய்தது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கோ அக்கா என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை: “நசீறா, நீங்கள் வந்தது சரி. ஆனா உங்களோட கோவமில்லை எண்டு நான் சொன்னா அது பொய். அவர் விழேக்க அந்தப் பெட்டி அவற்ற கையில இருந்தது. விரலைக் கழட்டித்தான் எடுத்தனான். அதை உங்கட மகனுக்குச் சொல்லேக்க அவர் அழுதவர். அழுதுபோட்டுக் கொண்டுபோய் வேற பேர் போட்டிட்டார். பெட்டி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். என்ர மனுசன்ர பேரை எடுத்த வாய் திருப்பி வைக்கோணும்.” வாப்பா கதைக்க வாயெடுத்தார். பூமணி அக்கா கையைக் காட்டி, “நீங்கள் அண்டைக்குப் பக்கத்தில இருந்து கேட்டனீங்கள் தானே” என்றார். வாப்பா ஓட்டோவுக்குத் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்துதான் “நீ நினைக்கிறதைச் செய்” என்றார்.

அதற்குப் பிறகும் நான் உன்னிடம்தான் முதலில் கேட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லாதே. அந்த மண்டபத்திலேயே எழும்பி நின்று உண்மையைச் சொல் மகன், பிழைபட்டுச் சொல்லிவிட்டேன் என்று சொல், ஆர் சுமந்தது என்று சொல் என்று கெஞ்சினேன். கண்காட்சி முடியட்டும் என்றாய், சிட்னியிலும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய், இப்போது மாற்றிச் சொன்னால் எல்லாம் பாழாகும் என்றாய். கடைசியில், “அவங்கட ஆக்கள் எங்களைக் கலைக்கேக்க அவங்கள் வாய் திறந்தவங்களோ” என்று ஒரு சொல் சொன்னாய். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் முடிவெடுத்தேன். சரவணமுத்து எங்களைக் கலைத்து விரட்டவில்லை. பூமணி கலைக்கவில்லை. கலைத்தவர்களோடு உனக்குக் கணக்கிருந்தால் அவர்கள் பெயரைச் சொல்லிக் கேள், அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அந்த வீட்டுப் பெண்ணிடம் தீர்க்காதே. நான் ஊரை இழந்தவள், நகையை இழந்தவள், எனக்கு இல்லாத கோபமா உனக்கு? நீ அந்த வழியை நினைவு தெரிந்து நடக்கவே இல்லை.

ஆகவே நான்தான் சொன்னேன். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ முதலில் தேடினாயாம், சுவேதினி மேல் சந்தேகப்பட்டு அவளுக்கு ஏதோ எழுதியும் இருக்கிறாயாம். அவளுக்கு இதில் பங்கில்லை. மண்டபத்துக்குப் பொறுப்பான பெண்ணின் தொலைபேசி இலக்கத்தை றிஸ்மினா எடுத்துத் தந்தாள். முகம் தெரியும்படி அழைத்து, நான் தமிழில் சொன்னதை றிஸ்மினா இங்கிலீசில் சொன்னாள். நான் ஷிஹாபின் தாய், என் மாமனாரிடம் ஒருநாளும் கமரா இருந்ததில்லை, அது பாப்பாமோட்டை சரவணமுத்துவுடையது, அவர் இறந்த பிறகு சுமந்தது அவர் மனைவி பூமணி, ஒட்டுத் தைத்ததும் அவர், அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன். அந்தப் பெண் பெயர்களைத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, உங்கள் மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியும், என்னால் அவனை மாற்ற முடியவில்லை என்றேன். அவர்கள் வீடியோவை எடுத்தார்கள், கமராவைக் கண்ணாடிக்குள் இருந்து எடுத்தார்கள், சிட்னிக்காரரும் வேண்டாம் என்றார்கள். உன்னிடம் தராமல் நேரே பாப்பாமோட்டைக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். உன்னை நம்பவில்லை. போன கிழமை வந்து சேர்ந்தது. சுவேதினி றிஸ்மினாவுக்கு ஒரு செய்தி போட்டாள், “பெட்டி வந்திட்டுது” என்று. அவ்வளவுதான். நல்லது என்றும் இல்லை, நன்றி என்றும் இல்லை. றிஸ்மினா திருப்பி எழுதியதற்குப் பதில் வரவில்லை.

நான் உன்னைத் தலைகுனிய வைத்தேன் என்று சொன்னாயே, ஓம், வைத்தேன். தலை குனிந்தால் காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும். றுமைஸாவிடம் மறைத்து வைத்திருந்தால் நீயே சொல், பிறர் வாயால் அவள் கேட்கக் கூடாது. பஸ்லானுக்கு எட்டு வயது, அந்த வீடியோவை அவனுக்கும் காட்டியிருப்பாய். அவனையும் இருத்தி அது பொய் என்று சொல். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துச் சொல்.

நோன்புக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. ஆனால் விமான நிலையத்தில் இறங்கி நேரே இங்கே வரவேண்டாம். முதலில் பாப்பாமோட்டைக்குப் போ. பொதி, பரிசு ஒன்றும் வேண்டாம், கூட்டாளிகள் ஒருவரும் வேண்டாம், தனியாகப் போ. பூமணி அக்கா உள்ளே கூப்பிடமாட்டார், முற்றத்தில் நில். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள், பார்க்கட்டும், அவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில் சொல். அவர் மறுமொழி சொல்லாவிட்டால் மறுமொழிக்காக நிற்காதே, திரும்பி நட. அதற்குப் பிறகு இங்கே வந்தால் வாப்பா கதவு திறப்பார். நான் எழும்பி வருவேனா என்று இப்போது என்னால் எழுத முடியாது.

வாப்பாவுக்கு நீ அனுப்புகிற மூட்டுத் தைலம் முடிந்துவிட்டது. அனுப்ப வேண்டாம், மன்னாரில் வாங்கிக்கொள்கிறோம். சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. குளிர் காலத்தில் பிள்ளையின் காதை மூடிக் கூட்டிப் போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், செய்ததைத் திருத்த அந்த ஆயுளில் இடம் வைக்கட்டும், உன் நாக்கை நேராக்கட்டும். துஆவில் உன் பெயரை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். பேசுவதைத்தான் விட்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.

உன்னைப் பெற்றவள்,
நசீறா